இரண்டு பெட்டிக்கும் ஒரு வழி விடுங்கள்

வர்த்தக அமைச்சருக்கும் மகளிர் விவகார அமைச்சருக்கும்,

வணக்கம். சென்னையில் சேலை, சுரிதார், கவரிங் நகை வாங்கிவந்து கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் விற்கிற பெண்களுக்காக எழுதுகிறேன். குருவிகள் என்று ஊர் சொல்லும். வீட்டுச் செலவைத் தனியே சுமப்பவர்கள் அவர்களில் பலர்.

சென்னையின் மொத்த வியாபாரப் பகுதியான சௌகார்பேட்டையில் வாங்கிய சேலையின் உறையைக் கழற்றி, விலைச் சீட்டைக் கிழித்து, உடுத்த உடுப்போடு கலந்து அடுக்குவார்கள். ஒரே கரையில் பத்துச் சேலை இருந்தால் சுங்க அதிகாரிகள் 'வியாபாரச் சரக்கு' என்று பொதியை ஒதுக்கிவிடுவார்களே! பயணிகளின் பொதிக்குக் கிடைக்கும் வரிச் சலுகை சொந்தப் பாவனைக்கு மட்டும்தான். எது சொந்தம், எது சரக்கு என்பது அன்றைக்கு மேசையில் இருக்கும் அதிகாரியைப் பொறுத்தது.

முறைப்படி இறக்குமதி செய்யட்டுமே என்பீர்கள். வரி இலக்கம், சுங்கப் பதிவு, பிரகடனம், சுங்கத்திலிருந்து சரக்கை விடுவித்துத் தரும் கிளியரிங் ஏஜென்ட் கூலி எல்லாம் கொள்கலன்காரருக்கும் இரண்டு பெட்டிக்காரிக்கும் ஒன்றேதான். 2000 மார்ச்சிலிருந்து நடைமுறையில் இருக்கும் இந்திய–இலங்கை சுதந்திர வர்த்தக உடன்படிக்கையில் சலுகை கேட்கவும், பொருள் எந்த நாட்டில் செய்யப்பட்டது என்று காட்டும் தோற்றச் சான்றிதழ் வேண்டும். சௌகார்பேட்டைத் துண்டுச் சீட்டை யார் மதிப்பார்?

கென்யா, உகண்டா, தன்சானியா போன்ற நாடுகளின் கூட்டமைப்பான கிழக்கு ஆப்பிரிக்க சமூகத்தில் 2,000 டொலர் வரையான உள்ளூர்ச் சரக்குக்கு எல்லையிலேயே எளிய தோற்றச் சான்றிதழ் கொடுக்கிறார்கள். பக்கத்து இந்தியாவே 2011 இல் வங்கதேச எல்லையில் சந்தை தொடங்கியது. பின்னர் அங்கே ஒருவர் ஒரு நாளில் 200 டொலர் வரை வாங்க அனுமதித்தார்கள். தரையில் முடிந்தது கடலில் ஏன் முடியாது? 2023 ஒக்டோபரில் நாகப்பட்டினம்–காங்கேசன்துறைக் கப்பல் ஓடத் தொடங்கியது. முதலில் காங்கேசன்துறைத் துறைமுகத்தில் பரீட்சித்துப் பாருங்கள்: ஒரு பெறுமதி வரம்பு, பொருட்பட்டியல், ஒரே வீத வரி, கையோடு ரசீது. பட்டியலைத் தமிழிலும் சிங்களத்திலும் சுவரில் ஒட்டுங்கள்.

கடைக்காரர்கள் கொதிப்பார்கள். வாடகையும் வற் வரியும் கட்டுகிறவர்கள், கோபம் நியாயம்தான். அதனால்தான் நான் வரிவிலக்குக் கேட்கவில்லை. எவ்வளவு என்று முன்பே தெரிகிற வரியைத்தான் கேட்கிறேன்.

மகளிர் அமைச்சரே, 2024 ஆம் ஆண்டின் 37 ஆம் இலக்கப் பெண்களை வலுவூட்டும் சட்டம் உங்கள் கையில் இருக்கிறது. சுங்கமோ நிதி அமைச்சின் கீழ், 1869 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தோடு இயங்குகிறது. பறிமுதல் பதிவேட்டில் ஆண், பெண் என்று பிரித்து எண்ணச் சொல்லிக் கேளுங்கள். அந்தக் கணக்கோடு வர்த்தக அமைச்சரையும் நிதி அமைச்சு அதிகாரிகளையும் ஒரே மேசைக்கு அழையுங்கள். பெட்டி தூக்குகிற பெண்கள் சிலருக்கும் அங்கே கதிரை போடுங்கள்.

இப்படிக்கு,
யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு வாசகி