ஞாயிறு கலந்துரையாடல்: உறுப்பினர்கள் கவனத்திற்கு

அன்பார்ந்த உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

வரும் ஞாயிற்றுக்கிழமை மாலை 5 மணிக்கு, காரைக்குடி கல்லுக்கட்டி அருகே நாம் வழக்கமாகக் கூடும் வீட்டின் முகப்பில், ஆட்சியாளர்களும் பெருமுதலாளிகளும் கொள்ளும் கூட்டு, மதத்தை வைத்துக் குடியுரிமையை அளக்கும் அரசியல், வலுவிழந்துவரும் அரசியலமைப்பு நிறுவனங்கள் ஆகியவை குறித்துக் கலந்துரையாட இருக்கிறோம்.

கட்சிகளுக்கு நன்கொடை கொடுக்க வங்கியில் வாங்கப்பட்ட தேர்தல் பத்திரங்களிலிருந்து தொடங்குவோம். கட்சிக்குக் கொடுத்தவர் பெயரை மக்களிடமிருந்து மறைத்த அத்திட்டத்தையும், நிறுவன நன்கொடைக்கு இருந்த, நிகர லாபத்தில் 7.5 விழுக்காடு என்ற வரம்பை நீக்கிய திருத்தத்தையும் உச்ச நீதிமன்றம் 2024 பிப்ரவரி 15 அன்று ரத்து செய்தது. குடும்பக் கணக்கில் கோயிலுக்குக் கொடுக்கும் புள்ளிவரியைக்கூடப் பெயர் எழுதி வரவு வைத்த ஊர் நம்முடையது. மறைத்துக் கொடுப்பதன் அநியாயம் நமக்கு எளிதில் விளங்கும். என் ஐயா எழுதிய, ஓரம் செல்லரித்த பேரேடு ஒன்றை எடுத்து வருகிறேன்.

உறுப்பினர்கள் செய்ய வேண்டியவை:

1. வருகையை வெள்ளிக்கிழமை இரவு 8 மணிக்குள் இங்கேயே தெரிவியுங்கள்.

2. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்தைப் படித்து வாருங்கள். பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் நாடுகளிலிருந்து வந்த ஆறு மதத்தவரைக் குறிப்பிடும் அச்சட்டத்தில், முகாம்களில் பல்லாண்டுகளாக வாழும் இலங்கைத் தமிழருக்கு இடமில்லை என்பது எனக்கு ஆறாத வருத்தம். இதற்குக் கூடுதல் நேரம் ஒதுக்கியுள்ளோம்.

3. தேர்தல் ஆணையர் தேர்வுக் குழுவில் இந்தியத் தலைமை நீதிபதிக்கு இடமளிக்காமல் ஒன்றிய அமைச்சரை அமர்த்திய 2023 சட்டம் பற்றிப் பேச ஒருவர் தேவை. விருப்பமுள்ளவர் எனக்குத் தனியே எழுதுங்கள்.

4. மாற்றுக் கருத்துடையவர்கள் அவசியம் வர வேண்டும்.

5. சரிபார்க்காத ஃபார்வர்டுகளைக் குழுவில் பகிர வேண்டாம்.

பதிலை எதிர்பார்க்கிறேன்.

ஒருங்கிணைப்பாளர்