காத்துக் குடிச்ச ஹைலக்ஸ்

அன்பு மச்சான்,

வண்டி வாங்கிட்டியோ எண்டு நீ கேட்டதுக்கு இப்பதான் ஆறுதலாயிருந்து பதில் எழுதிறன். ஓம், வாங்கிப்போட்டன். 1991 ஆம் ஆண்டு ரொயோட்டா ஹைலக்ஸ் டபிள் கப், எல்.என். 106 மொடல், 2.8 லீற்றர் டீசல். "இந்த வயசில இந்தப் பழசோட ஏன்டா மாரடிக்கிறாய்" எண்டு நீ கேக்கிறது இஞ்ச எனக்குக் கேக்குது. 2020 மார்ச்சில வாகன இறக்குமதியை நிப்பாட்டினதில இருந்து பழைய டபிள் கப் எல்லாம் நகை விலை. 2025 இல திரும்பத் திறந்தும், வரியைக் கூட்டிப் பாத்தால் புதுசின்ர பக்கம் தலை வைச்சும் படுக்கேலாது. உனக்குத் தெரியும்தானே, வயலுக்குப் போற அந்தக் களி றோட்டு. மாரியில நாலு சில்லும் இழுக்காட்டில் விதைநெல்லைத் தலையிலதான் காவவேணும்.

வித்தவர் ஒரு மத்தியான வெயிலில கொண்டுவந்து காட்டினவர். திறப்பைத் திருப்பினதும் பிடிச்சுது. நானும் சந்தோசத்தில காசை எண்ணிக் குடுத்திட்டன். அடுத்தநாள் விடிய சுத்துது, சுத்துது, பிடிக்கேல்லை. பற்றறி கிணுகிணுக்கிற நேரம் ஒரு வெள்ளைப் புகையோட இருமிப் பிடிச்சுது. பிறகு பகல் முழுக்க ஒரு கரைச்சலும் இல்லை. அடுத்த விடிய அதே கூத்து.

முதல் சந்தேகம் குளிர்ந்த எஞ்சினைச் சூடாக்கிப் பிடிக்க வைக்கிற குளோ பிளக்கில. உங்கட ஊர்க் குளிருக்கு மட்டும்தான் அது வேணுமெண்டு நினைக்காத, இந்த மாதிரிப் பழைய டீசல் எஞ்சினுக்கு எங்கட மார்கழி விடியலே காணும். மேல ஓடுற தகட்டுப் பட்டியைக் கழட்டி, ரெஸ்ற் லாம்பைப் பற்றறியின்ர பொசிற்றிவ்வில கொழுவி ஒவ்வொண்டாத் தொட்டுப் பாத்தன். ரெண்டுக்கு லாம்ப் எரியேல்லை. நாலையும் மாத்தினன். கொஞ்சம் சுகம், ஆனால் நோய் போகேல்லை.

பிறகு ஒரு கராச்சில காட்டினன். காதை வைச்சுக் கேட்டுப்போட்டு, "டீசல் பம்ப் தேஞ்சு போச்சு, கொழும்புக்குக் கழட்டி அனுப்பவேணும்" எண்டார் பாஸ். அவர் சொன்ன தொகைக்கு ரெண்டு பசுமாடு வாங்கலாம். நானும் ஓமெண்டு சொல்லிப்போட்டன், பார் என்ர புத்தியை.

அண்டைக்குப் பின்னேரம் குளக்கட்டில ஏத்தி, முன்பக்கம் பள்ளத்தைப் பாக்க விட்டுட்டு, ஆரோ கூப்பிட அவையோடயே வீட்டை போயிட்டன். விடிய வந்து திறப்பைத் திருப்பினன். அரைச் சுத்து. பிடிச்சுது! தேஞ்ச பம்ப் குளக்கட்டில மட்டும் எப்பிடி மச்சான் சுகமாகும்? பின்னால தாங்கி உயரத்தில நிண்டதால டீசல் இரவு முழுக்கப் பம்ப் பக்கமே இருந்திருக்கு. சமநிலத்தில விட்டால் எங்கயோ காத்து இழுத்து, டீசல் பின்னுக்கு இறங்கித் தாங்கிக்கே போயிடுது.

ஒரு முழம் கண்ணாடி ஹோஸ் வாங்கி பில்ரருக்கும் பம்புக்கும் நடுவில போட்டன். எஞ்சின் ஓடேக்க கடுகு மாதிரிக் குமிழி ஒண்டுக்குப் பின்னால ஒண்டு வருது. இரவு விட்டுட்டு விடியப் பாத்தால் ஒரு விரல் நீளத்துக்கு ஹோஸ் வெறுமை. கள்ளன் ஆரெண்டால் பில்ரருக்கு மேல கையால அமத்தி டீசல் ஏத்திற அந்தக் குமிழ், பிறைமர். உள்ள றப்பர் வெடிச்சிருக்கு. அது உறிஞ்சிற பக்கம், அதால டீசல் வெளிய ஒழுகாது, காத்துத்தான் உள்ள போகும். நிலத்தில ஒரு சொட்டும் இல்லாததால ஒருத்தரும் அந்தப் பக்கம் பாக்கேல்லை. கொழும்பு பஞ்சிகாவத்தை பாட்ஸ் கடையில இருந்து பிறைமரோட சேந்த பில்ரர்த் தலையை பஸ்ஸில எடுப்பிச்சன். மாட்டின்ர கயித்து விலைகூட வரேல்லை. பாஸிட்டைச் சொல்ல, "நானும் அதைத்தான் நினைச்சனான்" எண்டார். சிரிக்கத்தான் முடிஞ்சுது.

இன்னொண்டு கேள். இந்த எஞ்சினில வால்வையும் பிஸ்டனையும் ஒரு தாளத்தில ஓட வைக்கிற ரைமிங் பெல்ற்றை 100,000 கிலோமீற்றருக்கு ஒருக்கா மாத்தவேணும். அதுக்கெண்டே டாஷ்போட்டில ஒரு லைற் எரியும். என்ரயில எரியேல்லை. கழட்டிப் பாத்தால் ஆரோ பல்ப்பையே புடுங்கி எடுத்திருக்கினம்! பெல்ற்றின்ர பல்லுக்கடியில எல்லாம் வெடிப்பு. அறுந்திருந்தால் வால்வும் பிஸ்டனும் முட்டி எஞ்சினே போயிருக்கும். பெல்ற், ரென்ஷனர், முன்சீல் எல்லாம் ஒரேயடியா மாத்திப்போட்டன். பல்ப்பும்.

நாலுசில்லுக் கதையும் சிரிப்புத்தான். முதல் நாள் வயலில தாண்டுபோய் லீவரை நாலு சில்லும் மெதுவா இழுக்கிற எல்-4 இல போட்டன், இறங்கிப் போய் முன்சில்லைப் பூட்டிற ரெண்டு ஹப்பையும் லொக்குக்குத் திருப்பினன். பின்சில்லு மட்டும் சேறடிக்குது. வெளியில குமிழ் திரும்பினாலும் உள்ள காஞ்ச கிறீஸில வளையம் ஒட்டிக் கிடந்திருக்கு. மண்ணெண்ணையில கழுவி எடுத்தன். அப்பிடியே முன்சில்லை ஒடிக்க விடுற நக்கிளையும் திறந்தால், அச்சுக்குள்ள இருக்கிற சீல் போய் டிப்ரென்ஷல் ஒயிலும் கிறீஸும் கலந்து எள்ளுப்பாகு மாதிரி வழியுது. ஸ்டியறிங்கை முழுக்க ஒடிக்கேக்க டக் டக் எண்ட சத்தம் அங்கயிருந்துதான். நக்கிளுக்குள்ள இருக்கிற மூட்டைப் புதுசா வாங்கேல்லை. இடதை வலதுக்கும் வலதை இடதுக்கும் மாத்திப் போட்டன். அப்ப தேயாத பக்கம் இழுவையைத் தாங்கும். சத்தம் நிண்டிட்டுது. எத்தினை நாளைக்கெண்டு பாப்பம்.

இனி மிச்சம் ரிங்கர் வேலை, தகரம் ஒட்டிறது. பின் ஸ்பிறிங் கொழுவிற இடத்தில சேசிஸைச் சுத்தியலால தட்டினால் தகரப்பேணிச் சத்தம் கேக்குது. அதைப் பத்தி அடுத்த கடிதத்தில அழுறன்.

நீ வாற ஆடிக்கு வாறாயெண்டால் ஒரு சோடி நக்கிள் சீல் செற் கொண்டுவா, பெட்டியில பாரமில்லை. வந்தால் நீதான் ஓடவேணும். தார் றோட்டில நாலுசில்லு எச்-4 இல மட்டும் போட்டுடாத, முன்சில்லையும் பின்சில்லையும் வேற வேற வேகத்தில சுத்த விடுற நடு டிப்ரென்ஷல் இல்லாத வண்டி, திருப்பேக்க முறுக்கிப்போடும். அம்மா உன்னைக் கேட்டவ. பிள்ளையளுக்கு என்ர அன்பு.

உன்ர பழைய கூட்டாளி
கிளிநொச்சி