மாங்காய்க்குரிய விடையைத் திருத்துங்கள்: பாடநூல் ஆசிரியர் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆசிரியர் குழுவினருக்கு,

வணக்கம். தாங்கள் தொகுத்த பொது அறிவுப் பயிற்சி நூலில், ‘மேங்கோ’ என்னும் ஆங்கிலச் சொல் எம்மொழியில் தோன்றியது என்ற வினாவுக்குப் ‘போர்த்துகீசியம்’ என்று விடை அச்சிட்டிருக்கிறீர்கள். ‘தமிழ்’ என்று எழுதிய என் மகளுக்குச் சென்ற வாரத் தேர்வில் அதற்கு மதிப்பெண் இல்லை. சிவப்பு மையால் அடிக்கப்பட்ட அந்த ஒரு சொல்லைத் தாள் கிழியும்வரை ரப்பரால் தேய்த்தவள், வடுமாங்காய்க்கு உப்புப் போட்டுக்கொண்டிருந்த பாட்டியிடம் போய், “மாங்காய்ங்கிறது நம்ம வார்த்தை இல்லையா பாட்டி?” என்று கேட்டாள். ஜாடிக்குள் விட்ட கையை எடுக்காமல் அவர் என்னைப் பார்த்தார். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் தாங்கள்.

மா என்பது மரம். அதன் காய் மாங்காய், கனி மாம்பழம். மாங்காய் என்ற தமிழ்ச் சொல்லே மலாய் மொழியில் ‘மங்கா’ ஆயிற்று. மலையாளத்தில் அது ‘மாங்ங’. 1498-இல் கோழிக்கோட்டுக்கு வந்து சேர்ந்த போர்த்துகீசியர் பின்னர் அதைத் தம் மொழியில் ‘மங்கா’ என எழுதிக்கொள்ள, அவர்கள் வழியாகவே அது ஆங்கிலத்தை அடைந்தது. சொல் கைமாறிய இடத்தைப் பிறந்த இடமாக எழுதுவது எவ்வகையில் சரி?

அக்காலத்தில் மாதக்கணக்கான கப்பல் பயணத்தைப் பழம் தாங்காது; உப்பிலும் எண்ணெயிலும் ஊறிய மாங்காய்தான் இங்கிலாந்து போய்ச் சேர்ந்தது. ஆகவே அங்கே அச்சொல்லுக்கு ஊறுகாய் என்றே பொருள் விரிந்து, மசாலா அடைத்து ஊறவைத்த வெள்ளரிக்காயும் முலாம்பழமும்கூட ‘மேங்கோ’ ஆயின. அமெரிக்காவின் ஒகையோ, பென்சில்வேனியா பகுதிகளில் குடமிளகாய்க்கே அப்பெயர் ஒட்டிக்கொண்டது. கனிந்த பழத்தையும் ‘காய்’ என்ற சொல்லால் ஆங்கிலம் அழைத்துவருவதே, அச்சொல் எந்த மொழியில் பிறந்தது என்பதற்குச் சான்று. இவ்வளவு சுவையான வரலாற்றைப் பிள்ளைகளுக்குச் சொல்லாமல் ஒற்றைச் சொல்லில் முடித்துவிட்டீர்களே என்பதுதான் என் ஆற்றாமை.

கட்டுமரமும் சுருட்டும் இப்படித்தான் ஆங்கிலச் சொற்களாயின. அவற்றுக்கும் நாளை வேறு தாய்மொழி எழுதப்படுமோ என அஞ்சுகிறேன். அது நிற்க. அடுத்த பதிப்பில் ‘தமிழ், போர்த்துகீசியம் வழியாக’ என்று விடையைத் திருத்துங்கள். அதற்கு முன்னதாக, இந்நூலைப் பயன்படுத்தும் பள்ளிகளுக்கு ஒரு திருத்தத் தாள் அனுப்பி, ‘தமிழ்’ என எழுதிய பிள்ளைகளுக்கு அந்த மதிப்பெண்ணை வழங்கச் செய்யுமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு மாணவியின் தாய்