காவிரியை வரைந்தால் குறுவை புரியும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். போட்டித் தேர்வு எழுதுவோருக்காகத் தங்கள் கல்வி இணைப்பிதழில் வரும் புவியியல் பகுதியில் வாரந்தோறும் ஒருவரி வினா-விடைகளே இடம்பெறுகின்றன. புவியியலை அப்படி மனப்பாடம் செய்கிறவர்கள் ஒரு கூற்றும் அதற்கான காரணமும் தந்து இரண்டும் சரியா என்று கேட்கும் 'கூற்று-காரணம்' வினாக்களில் மதிப்பெண்ணைக் கோட்டை விடுகிறார்கள்.

'தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் சோழமண்டலக் கடற்கரைக்குப் போதிய மழை இல்லை' என்ற கூற்றையே எடுத்துக்கொள்வோம். மேற்குத் தொடர்ச்சி மலை மழையைத் தடுத்துவிடுவதால் இது மழை மறைவுப் பகுதி என்பது எல்லோருக்கும் தெரியும். வங்கக்கடல் கிளைக் காற்று இந்தக் கரைக்கு ஏறத்தாழ இணையாக வீசிப் போய்விடுவதைக் காரணமாகக் கொடுத்தால் மட்டும் பலர் தடுமாறித் 'தவறு' என்று குறித்துவிடுகிறார்கள். காற்றின் திசையைப் படத்தில் ஒருமுறை அம்புக்குறியாகப் போட்டுப் பார்த்தவருக்கு அந்தக் குழப்பம் வராது.

அட்லஸைப் பார்ப்பது போதாது, கையால் வரைய வேண்டும். வெள்ளைத் தாளில் தமிழ்நாட்டின் எல்லைக்கோட்டைத் தோராயமாகப் போட்டுக்கொண்டு காவிரியை மட்டும் வரையட்டும். குடகில் தலைக்காவிரி, தமிழ்நாட்டுக்குள் ஒகேனக்கல், பிறகு மேட்டூர். பவானியில் பவானி ஆறும், கரூர் அருகே அமராவதியும் வந்து கலக்கின்றன. முக்கொம்பில் கொள்ளிடம் பிரிகிறது, கல்லணை தாண்டி டெல்டா விரிகிறது. இனி அதே படத்தில் மழையைக் குறிக்க வேண்டும். குடகிலும் வயநாட்டிலும் பெய்வது தென்மேற்குப் பருவமழை. மேட்டூர் நிரம்புவது பெரும்பாலும் அந்தத் தண்ணீரால்தான். அணையைத் திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12 என்பதும், குறுகிய கால நெற்பயிரான குறுவை அந்தத் தண்ணீரை நம்பி நடப்படுவதும் இங்கே விளங்கிவிடும். நீண்ட காலப் பயிரான சம்பாவுக்கு வடகிழக்குப் பருவமழையும் கைகொடுக்கிறது. குறுவை அறுத்த வயலில் அடுத்து வைப்பது தாளடி. ஆறு, மழை, பயிர் மூன்றும் ஒரே தாளில் வந்துவிட்டன! இயற்கைப் புவியியல் தனி, மானுடப் புவியியல் தனி என்று இரண்டு நோட்டுப் போடுகிறவர்களுக்கு இந்தத் தொடர்பு கண்ணில் படுவதே இல்லை.

நேரக் கணக்கும் அப்படித்தான். ஒரு தீர்க்கக்கோட்டுக்கு 4 நிமிடம். இந்தியத் திட்ட நேரத்துக்கான தீர்க்கக்கோடு 82½ பாகை கிழக்கு. அதை 4 ஆல் பெருக்கினால் 330 நிமிடம், அதாவது கிரீன்விச் நேரத்தைவிட ஐந்தரை மணி முன்னால். கிழக்கே போனால் கூட்டல், மேற்கே போனால் கழித்தல். இதற்கு மேல் மனப்பாடம் செய்ய எதுவும் இல்லை.

புள்ளிவிவரத்தில்தான் கூடுதல் எச்சரிக்கை தேவை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் தற்காலிக விவரத்தில் இந்தியாவின் பாலின விகிதம் (ஆயிரம் ஆண்களுக்கு எத்தனை பெண்கள்) 940, எழுத்தறிவு 74.04 விழுக்காடு. இறுதி விவரத்தில் அவை 943 என்றும் ஏறத்தாழ 73 என்றும் ஆயின. கையேடுகளில் இரண்டும் கலந்து கிடக்கின்றன. மேலும், அந்தக் கணக்கெடுப்பின்போது தமிழ்நாட்டில் 32 மாவட்டங்கள், இன்று 38. செங்கல்பட்டு பிரிந்த பிறகு காஞ்சிபுரம் மாவட்டத்துக்குக் கடற்கரை கிடையாது. குற்றாலம் இருப்பது தென்காசி மாவட்டத்தில். பழைய 'கடலோர மாவட்டங்கள்' பட்டியலை அப்படியே படித்தவருக்கு விடை தப்பும்.

இந்தியக் கடற்கரையின் நீளம் 7,516.6 கி.மீ. என்று பல தலைமுறை படித்தது. மறு அளவீட்டில் அது 11,098.81 கி.மீ. ஆகியிருக்கிறது. புதிதாக நிலம் சேர்ந்துவிடவில்லை. நுணுக்கமான அளவையில் உள்ள வரைபடத்தைக் கொண்டு அளந்ததால், முன்பு நேர்கோடாகத் தெரிந்த இடங்களில் இருந்த கழிமுகம், சிறுகுடா எல்லாம் கணக்கில் வந்துவிட்டன. 'வரைபட அளவை' பாடத்துக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது. வெறும் எண்ணை மட்டும் அச்சிட்டால் அந்தப் பாடம் போய்விடும்.

ஆகவே ஒரு வேண்டுகோள். ஒருவரி விடைகளைப் பாதியாகக் குறைத்துவிட்டு, வாரம் ஒரு வெற்று வரைபடத்தைக் கால் பக்க அளவில் வெளியிடுங்கள். இந்தியப் படத்தில் கடகரேகையும் 82½ பாகைத் தீர்க்கக்கோடும் மட்டும் இருந்தால் போதும். அவை சத்தீஸ்கரில் வெட்டிக்கொள்வதை மாணவர்களே கண்டுபிடிக்கட்டும். நிரப்பிய படத்தை மறுவாரம் காரணங்களோடு வெளியிடலாம். எந்தப் புள்ளிவிவரமானாலும் பக்கத்திலேயே அதன் ஆண்டையும், தற்காலிகமா இறுதியா என்பதையும் தவறாமல் குறிப்பிடுங்கள்.

இப்படிக்கு,
புவியியல் ஆசிரியர்,
கும்பகோணம்.