எக்கோவை அணையுங்கள், இருபது நிமிடம் கொடுங்கள்

ஞாயிறு மாலைகளில் எங்கள் வட்டாரப் பூங்காவில் இசை நிகழ்ச்சி நடத்தும் விழாக் குழுவினருக்கு வணக்கம்.

போன வாரம் நடந்தது உங்களுக்கே தெரியும். ப்ளூஸ் கிட்டாரும் நான்கு குரல் கூட்டுப்பாட்டும் மூன்றாவது பாட்டோடு நிறுத்தப்பட்டு, கரோக்கே ட்ராக் ஓடத் தொடங்கியது. "சத்தம் பத்தல" என்றீர்கள். உண்மைதான். ஆனால் அதற்குக் காரணம் பாடியவர்களின் தொண்டை அல்ல.

கூட்டுப்பாட்டில் ஒருவர் மெட்டைப் பிடிக்கிறார். மற்ற மூவரும் ஒருவரையொருவர் கேட்டுக் கேட்டுத்தான் தங்கள் சுரத்தை நிறுத்துகிறார்கள். டெனர் என்ற நடுக்குரல் காதில் விழாவிட்டால் அதற்கு மேலே பாடும் ஆல்டோ மெல்ல இறங்கும், ஆல்டோவை நம்பி நிற்கும் அடிக்குரலான பாஸும் கூடவே இறங்கும். கேட்பவருக்கு என்ன தப்பு என்று சொல்லத் தெரியாது, என்னவோ போல இருக்கும், அவ்வளவுதான். அன்று மேடையில் ஒரு மானிட்டர்கூட, அதாவது பாடுகிறவர்களைப் பார்த்து வைக்கும் ஸ்பீக்கர்கூட, இல்லை. பாடியவர்களுக்குக் கேட்டதெல்லாம் எதிர்க் கட்டடத்தில் மோதித் தாமதமாகத் திரும்பிய ஒலி. அதற்கு மேல் எக்கோ! மெல்லிசைக் கச்சேரிக்குத் திருகி வைத்ததை யாரும் தொடவே இல்லை. ஒற்றைக் குரலுக்கு அது பவுடர் பூசிவிடும். நான்கு குரல் என்றால் போன கார்டின் (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டின்) வால் அடுத்த கார்டின் மேல் விழுந்து இரண்டுமே குழம்பிப்போகும்.

நால்வருக்கும் தனித்தனி மைக் கொடுத்தது நல்லெண்ணம்தான். ஆனால் பக்கத்தில் நிற்பவரின் மைக்கிலும் குரல் சற்றுத் தாமதமாக நுழைவதால் சில அலைவரிசைகள் ஒன்றையொன்று அழித்து, குரல் சன்னமாகிவிடுகிறது. திறந்திருக்கும் மைக்குகள் இரட்டிப்பாகும்போதெல்லாம், ஸ்பீக்கர் கூவாமல் ஏற்றக்கூடிய சத்தம் 3 டெசிபல் குறையும். நான்கு மைக் என்றால் 6 டெசிபல் போச்சு. பத்தாத சத்தம் போன இடம் இதுதான்.

கிட்டாரின் அதிர்வை மின்சாரமாக்கும் பீசோ பிக்கப்பை, அதை மிக்ஸருக்கு ஏற்றபடி மாற்றித் தரும் டி.ஐ. பாக்ஸ் இல்லாமல் நேராக மிக்ஸரில் சொருகினால் தகரம் தட்டுவதுபோல்தான் வரும். அதைச் சரிக்கட்ட மிக்ஸரில் பாஸ் திருகை ஏற்றினார்கள். கிட்டாரின் கூடு அதிர்ந்து ஊளையிட்டது. உடனே மொத்தத்தையும் இறக்கிவிட்டார்கள். விரலில் கண்ணாடிக் குழாய் மாட்டி இழுக்கும் ஸ்லைடு வாசிப்பு, ஜெனரேட்டரின் இரைச்சலில் காணாமல் போனது.

நாங்கள் கேட்பது செலவு வைக்கும் காரியம் அல்ல. எக்கோவை அணையுங்கள், கூட்டம் வருவதற்கு முன் இருபது நிமிடம் சவுண்ட் செக்குக்குக் கொடுங்கள். நால்வருக்கும் சேர்த்து ஒரே கண்டென்சர் மைக் போதும்: முகவாய் உயரம், இரண்டடி தூரம், மிக்ஸரிலிருந்து மைக்குக்குப் போகும் 48 வோல்ட் மின்சாரம் (பாண்டம் பவர்), 100 ஹெர்ட்ஸுக்குக் கீழான ஒலிக்கு வெட்டு. அரைவட்டமாக நெருங்கி நிற்பதால் ஒருவர் குரல் மற்றவருக்கு நேராகவே கேட்கும், மானிட்டரே வேண்டாம். 1930களில் அமெரிக்கக் கறுப்பின நால்வர் குழுக்கள் வானொலியில் இப்படி ஒரே மைக்கைச் சுற்றி நின்று பாடியிருக்கின்றன. ஸ்பீக்கர் பெட்டிகள் மட்டும் மைக்குக்கு ஐந்தாறு அடி முன்னால் நிற்க வேண்டும். இதில் சத்தம் ஓரளவுக்குத்தான் ஏறும், ஆகவே கேட்க வந்தவர்களின் நாற்காலிகள் மேடைக்கு அருகில் இருப்பது நல்லது. தற்போது அந்த இடத்தில் சோபாக்கள் இருக்கின்றன. பாதி காலி.

சோபாவில் அமர வேண்டியவர்கள் வந்து, பொன்னாடை போர்த்தி, நினைவுப் பரிசு வாங்கி, போட்டோ எடுத்து முடிக்க முக்கால் மணி நேரம் தாராளமாகக் கிடைக்கிறது. பாடுகிறவர்களுக்கு இருபது நிமிடம் கிடைப்பதில்லை. குடியிருப்புப் பகுதியில் பகல் அளவு 55 டெசிபல் என்று 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதி சொல்கிறது. அன்று அந்த விதியின் பக்கத்திலாவது நின்ற ஒரே குழுவைத்தான் சத்தம் பத்தவில்லை என்று இறக்கினீர்கள்.

கோபத்தில் எங்கேயோ போய்விட்டோம், பொறுத்தருளுங்கள். பூங்காவைத் திறந்துவிட்டு, இலவசமாக மேடையும் தருகிறீர்கள். அந்த நன்றி எங்களுக்கு என்றும் உண்டு. கேட்பது அதே இரண்டுதான்: எக்கோ வேண்டாம், இருபது நிமிடம் வேண்டும். கிட்டாருக்கு அந்த இருபது நிமிடம் இன்னும் அவசியம். ஏசி காரிலிருந்து கடற்காற்றுக்கு வந்ததும் கம்பிகளின் சுதி நகர்ந்துவிடும். விரல் வைக்காமல் மீட்டினாலே ஜி கார்டு ஒலிக்கும் ஓபன் ஜி சுதிக்கு மாற்றினால் மூன்று கம்பிகளை இறக்கி, நிலைத்ததா என்று இரண்டு முறையாவது பார்க்க வேண்டும்.

இதையெல்லாம் நீங்கள் நினைவில் வைத்திருக்க வேண்டாம். மைக் செட்காரரின் போன் நம்பரைக் கொடுங்கள், நாங்களே பேசிக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
மூன்று பாட்டு பாடியவர்கள்