கமலாலயக் கரையில் இருபத்துநான்கு சுற்று

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோல்ஃப் மைதானத்தை நாள் முழுவதும் காலால் நடந்தே பலமுறை சுற்றி ஆடி, அதன் மூலம் புற்றுநோயாளிகளுக்கு நிதி திரட்டுவோரைப் பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்த வாசகர் ஒருவர், "வசதி படைத்தவர்கள் விளையாடுவதற்கு இது ஒரு சாக்கு, கொடுக்க மனமிருந்தால் பணத்தை நேராகக் கொடுத்துவிடலாமே" என்று இப்பகுதியில் எழுதியிருந்தார். அவருடைய ஐயத்தில் நியாயம் இருக்கிறது. ஒரு காலத்தில் நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். அந்த நடையை ஒருமுறை அருகிலிருந்து பார்த்த பிறகு என் எண்ணம் மாறியது. நம் டெல்டா மாவட்டங்களில் இதே முறையில் நிதி திரட்ட இடமும் உண்டு, தேவையும் உண்டு என்று உறுதியாக நம்புவதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

இங்கிலாந்தில் வேலை பார்க்கும் என் மகன் வீட்டில் சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஜூன் மாதம் தங்கியிருந்தேன். அந்நாட்டில் மேக்மில்லன் என்றொரு புற்றுநோய் ஆதரவு அமைப்பு இருக்கிறது. தன் தந்தை புற்றுநோயால் இறந்ததைப் பார்த்த டக்ளஸ் மேக்மில்லன் என்பவர் 1911ஆம் ஆண்டு தொடங்கியது. ஆண்டின் நீண்ட பகற்பொழுது வரும் ஜூன் 21ஐ ஒட்டி, ஒரே நாளில் நான்கு ஆட்டம், அதாவது பந்தை மட்டையால் அடித்துச் சேர்க்க வேண்டிய குழிகள் ஓர் ஆட்டத்துக்குப் பதினெட்டு வீதம் 72 குழிகள் ஆடி முடிப்பதாக ஒப்புக்கொண்டு, அதற்காக உற்றார் உறவினரிடமும் உடன் வேலை செய்பவர்களிடமும் இந்த அமைப்புக்கு நன்கொடை கேட்பது அங்கே வழக்கம். ஆண்களுக்கு வரும் புராஸ்டேட் புற்றுநோய்க்காகப் பாடுபடும் வேறொரு அமைப்பும் இப்படியே நடத்துகிறது. 36 குழிகளை அரை மாரத்தான் என்றும் 72 குழிகளை முழு மாரத்தான் என்றும் அவர்கள் சொல்கிறார்கள். அமெரிக்காவில் ஒரே நாளில் 100 குழிகள் நடப்பவர்களும் உண்டு.

மாரத்தான் என்ற சொல் வெறும் அலங்காரமாக வைத்ததன்று. பந்து போன திசையெல்லாம் நாமும் போகவேண்டியிருப்பதால், 18 குழிகள் கொண்ட ஓர் ஆட்டத்துக்கு எட்டிலிருந்து பத்து கிலோமீட்டர் நடை ஆகிவிடும். நான்கு ஆட்டம் என்றால் 32 முதல் 40 கிலோமீட்டர். முழு மாரத்தான் ஓட்டத்தின் தூரமே 42 கிலோமீட்டர்தான். அதையும் மேடு பள்ளத்தில், தோளில் மட்டைப் பையுடன், பேட்டரி வண்டியைத் தொடாமல் நடக்க வேண்டும். என் மகனும் அவனுடைய நண்பர்கள் மூவரும் விடிவெளிச்சம் வந்த நாலரை மணி வாக்கில் முதல் பந்தை அடித்தார்கள். முடித்தபோது இரவு ஒன்பது மணி. அங்கே அப்போதுதான் பொழுது சாய்ந்துகொண்டிருந்தது.

இரண்டாவது ஆட்டத்தில் மட்டும் நான் கூடவே நடந்தேன். ஒவ்வோர் ஆட்டம் முடிந்ததும் அவன் மரப்பலகையில் உட்கார்ந்து காலணியைக் கழற்றி, பாதத்தைத் துடைத்து, பவுடர் தடவி, புதிதாக ஒரு ஜோடி காலுறை மாட்டிக்கொண்டான். மூன்றாவது ஆட்டம் முடிந்தபோது வலது குதிகாலில் புளியங்கொட்டை அளவுக்குக் கொப்புளம் எழும்பியிருந்தது. பார்த்துக்கொண்டிருந்த எனக்கு மனம் கேட்கவில்லை, போதும் என்று சொன்னேன். "இன்னும் பதினெட்டுக்குப் பணம் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள், அப்பா" என்று சொல்லிவிட்டு எழுந்து போனான்.

பக்கத்து வீட்டில் தனியாக வசித்த மூதாட்டி ஒருவர், ஒரு குழிக்கு ஐம்பது பென்ஸ், அதாவது அரை பவுண்டு வீதம் எழுதியிருந்தார். மறுநாள் காலையில் அவர் வந்து, ஆட்ட அட்டைகள் நான்கையும் கேட்டு வாங்கி, மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, ஒவ்வொரு கட்டமாக விரல் வைத்து எண்ணிப் பார்த்தார். 72 சரியாக இருந்தது. அதன் பிறகுதான் 36 பவுண்டைக் கொடுத்தார். கூட்டுறவு வங்கியில் முப்பது ஆண்டுக்கு மேல் கணக்குப் பார்த்தவன் என்பதாலோ என்னவோ, அந்தக் காட்சி என் மனதில் ஆழப் பதிந்துவிட்டது.

பணத்தை நேராகக் கொடுக்கலாமே என்று கேட்ட வாசகருக்கு என் பதில் இதுதான். என் மகன் தன் சம்பளத்திலிருந்து கொடுப்பதாக இருந்தால் ஒரு தொகையோடு அது முடிந்துவிடும். ஆனால் நடக்கிறேன் என்று ஒப்புக்கொண்டவனுக்குப் பிறர் வாசலில் போய் நின்று கேட்பதற்கு ஒரு முகம் கிடைக்கிறது. கையேந்துவதற்குக் கூச்சப்படுகிறவனும், "நான் நடக்கிறேன், நீங்கள் குழிக்கு இவ்வளவு எழுதுங்கள்" என்று தலைநிமிர்ந்து கேட்கிறான். மொத்தமாகக் கொடுக்க முடியாதவரும் குழிக்கு இவ்வளவு என்று தம் சக்திக்கு ஏற்ப எழுதிவிட்டு, நடப்பவனோடு தாமும் சேர்ந்துகொள்கிறார். எண்ணிக்கை எல்லோர் கண்ணெதிரிலும் இருப்பதால், கணக்கைப் பற்றிச் சந்தேகம் எழவும் இடமில்லை.

ஒரு காரியத்துக்காகக் கால் நோக நடப்பவரைக் கண்டால் கொடுக்கத் தோன்றும் என்பதை நம் மண்ணுக்கு யாரும் புதிதாகக் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. 1930ஆம் ஆண்டு ஏப்ரல் 13 அன்று திருச்சியிலிருந்து ராஜாஜி தலைமையில் புறப்பட்ட உப்புச் சத்தியாகிரகிகள், தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி வழியாக ஏறத்தாழ 240 கிலோமீட்டர் நடந்து 28ஆம் தேதி வேதாரண்யம் சேர்ந்தார்கள். அவர்களுக்குச் சோறோ தங்க இடமோ கொடுத்தால் தண்டனை என்று அன்றைய தஞ்சை ஆட்சியர் தார்ன் உத்தரவு போட்டிருந்தார். அப்படியிருந்தும் வழிநெடுக ஊர்மக்கள் மரக்கிளைகளில் சோற்றுப் பொட்டலங்களைக் கட்டித் தொங்கவிட்டதைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம்.

இப்போது தேவையைப் பற்றிச் சொல்லவேண்டும். என் தங்கையின் கணவருக்குத் தொண்டையில் புற்றுநோய் வந்தபோது, முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் சிகிச்சைச் செலவு பெரும்பாலும் அடங்கிவிட்டது. ரயிலில் படுக்கை வகுப்பில் நோயாளிக்கு முழுக் கட்டணச் சலுகையும், உடன் செல்பவருக்கு 75 விழுக்காடு சலுகையும் கிடைத்தன. அந்த உதவிகளுக்கு எங்கள் குடும்பம் என்றும் நன்றிக்கடன் பட்டிருக்கிறது. ஆயினும் கதிர்வீச்சுச் சிகிச்சை ஒரே நாளில் முடிவதன்று. திங்கள் முதல் வெள்ளி வரை தினமும் சில நிமிடம் என ஆறு வாரம் நடந்தது. அந்தச் சில நிமிடத்துக்காகச் சென்னையில் அறை எடுத்துத் தங்க வேண்டும். உடனிருப்பவர் வேளாவேளைக்குச் சாப்பிட வேண்டும். ஊரில் கூலி வேலை நின்றுபோகும். அறை வாடகைக்கும் சாப்பாட்டுக்குமாகத் தங்கை தன் கறவை மாடுகள் இரண்டையும் விற்றாள். தொண்டை புண்ணாகி அவர் கஞ்சி மட்டுமே குடிக்க முடிந்த நாள்களில், அதைக் காய்ச்சிக் கொடுக்க ஓர் அடுப்பு கிடைக்காமல் அவள் தவித்தாள். திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களிலிருந்து தஞ்சாவூருக்கும், திருச்சிக்கும், புதுச்சேரி ஜிப்மருக்கும், சென்னை அடையாறுக்கும் இப்படிப் போய்வரும் குடும்பங்களுக்கு நடுவழியில் தேவைப்படுவது இந்தச் சிறு தொகைதான். அடையாற்றில் உள்ள புற்றுநோய் மருத்துவமனையே, தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த புதுக்கோட்டை டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பல இடங்களிலும் கேட்டு நிதி திரட்டி, 1954ஆம் ஆண்டு 12 படுக்கைகளோடு தொடங்கியதுதான்.

எங்கள் பக்கத்தில் கோல்ஃப் மைதானம் கிடையாது. தை அறுவடை முடிந்த வயலில் குழி வெட்டி ஆடலாம் என்று இளைஞர்கள் சிலர் ஆர்வத்தோடு சொன்னார்கள். சம்பாவை அறுப்பதற்கு ஒரு வாரம் பத்து நாள் முன்பே வயலின் ஈரத்தில் உளுந்தும் பயறும் தெளித்துவிடுகிறோம். அறுத்த தாளுக்கு இடையில் முளை நிற்கும் வயலில் கால் வைப்பது பாவம் என்று அவர்களுக்கு எடுத்துச் சொன்னேன். நமக்கு மட்டையும் பந்தும் தேவையில்லை. எண்ணக்கூடிய ஒரு நடை இருந்தால் போதும், அதற்குத் திருவாரூரில் கமலாலயக் குளம் இருக்கிறது.

கோயில் ஐந்து வேலி, குளம் ஐந்து வேலி என்று சொல்லப்படும் அந்தக் குளத்தின் பரப்பு ஏறத்தாழ 33 ஏக்கர். தினமும் காலையில் நான் நான்கு கரையையும் ஒருமுறை சுற்றிவர இருபது நிமிடம் ஆகிறது. தூரம் சுமார் ஒன்றரைக் கிலோமீட்டர் இருக்கும். 24 சுற்று நடந்தால் 36 கிலோமீட்டர், அதாவது அங்கே 72 குழிகளுக்கு நடக்கும் அதே தூரம். இந்தக் குளத்தைத் தூர்வாரிய, நாயன்மார்களில் ஒருவரான தண்டியடிகள் பிறவியிலேயே பார்வையற்றவர். குளத்தினுள் ஒரு கம்பமும் கரையில் ஒரு கம்பமும் நட்டு, இடையே கயிறு கட்டி, அக்கயிற்றைத் தடவிக்கொண்டே கூடை கூடையாக மண் சுமந்து கரையேறினார். எண்ணி எண்ணிச் செய்யும் தொண்டுக்கு இதைவிடப் பொருத்தமான கரை வேறெங்கே கிடைக்கும்?

இங்கிலாந்தின் ஜூன் மாதக் குளுமையில் பகல் முழுவதும் நடக்கலாம். நம் வெயிலில் கூடாது. தை அல்லது மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அதிகாலை நான்கு மணி முதல் பன்னிரண்டு சுற்றும், வெயில் தாழ்ந்து மாலை நான்கு மணி முதல் பன்னிரண்டு சுற்றும் நடப்பதே முறை. ஆழித்தேர் ஓட்டத்தை ஒட்டிய நாள்களைத் தவிர்க்க வேண்டும். சர்க்கரை நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இறங்கக் கூடாது. அவர்கள் காலில் கொப்புளம் வந்தால் எளிதில் ஆறாது. வயதானவர்கள் ஆறு சுற்றோடு நிறுத்திக்கொள்ளலாம்.

பனியன், பதக்கம், பந்தல், பொன்னாடை எதுவும் வேண்டாம் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் நல்ல காரியத்துக்கு என்று சொல்லி நடந்த ஓர் ஓட்டத்துக்கு நானும் பணம் கொடுத்தேன். மேடையும் ஒலிபெருக்கியும் அன்பளிப்புப் பைகளும் பெரிதாக இருந்தன. யாருக்கு எவ்வளவு போய்ச் சேர்ந்தது என்ற கணக்கு இன்றுவரை வெளிவரவில்லை. அந்த மனக்கசப்பு ஊரில் பலருக்கும் உண்டு. அதனால்தான், பதிவு பெற்ற அறக்கட்டளை ஒன்றின் வங்கிக் கணக்கில் மட்டுமே பணம் செலுத்தப்பட வேண்டும், பத்து ரூபாய்க்கும் ரசீது தரப்பட வேண்டும், வரவு செலவு ஒரு மாதத்துக்குள் குளக்கரையிலேயே ஒட்டப்பட வேண்டும் என்கிறேன். நன்கொடைக்கான வருமான வரிச் சலுகை எதிர்பார்ப்பவர்கள், 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அச்சலுகை கிடைக்காது என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அறக்கட்டளை நடத்துவோரும், நடைப்பயிற்சி நண்பர்களும், கல்லூரி மாணவர்களும் இதைப் படித்துவிட்டு ஒன்றுகூடினால், சுற்றுக் கணக்கு எழுதும் பொறுப்பை நான் ஏற்றுக்கொள்கிறேன். இப்போது எனக்கு வயது 68. ஆறு சுற்று என்னால் நடக்க முடியும். அதற்கென ஒரு பேரேடு வாங்கி, பெயர், சுற்று, தொகை என்று கோடு போட்டு வைத்திருக்கிறேன். சுற்றுக்கு இருபது ரூபாய் வீதம் முதல் வரியில் எழுதியிருப்பவள் என் தங்கை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கூட்டுறவு வங்கிச் செயலர்,
திருவாரூர்.