ஸ்டுட்கார்ட்டில் உன் வீட்டுக் கதவும் ஜன்னலும்

அன்புக் கண்ணு,

பெட்டி கட்டுகிற அவசரத்தில் போனில் சொன்னால் உனக்குப் பாதி காதில் விழாது. அதனால்தான் எழுதுகிறேன். அலுவலகத்தில் எப்படி நடந்துகொள்வது என்று உன் கம்பெனியே ஆள் வைத்துப் பாடம் எடுத்துவிடும். வீட்டுக்கு அப்படி யாரும் வரமாட்டார்கள். ஜெர்மனிக்குப் புதிதாகப் போகிறவர்கள் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் வாசல், ஜன்னல், படிக்கட்டு இந்த மூன்றில்தான்.

முதலில் தபால் பெட்டி. அங்கே விலாசத்தில் பொதுவாக ஃப்ளாட் நம்பர் இருக்காது. தெரு, கட்டட எண், அஞ்சல் குறியீடு, ஊர், அவ்வளவுதான். பத்துக் குடித்தனம் இருக்கிற கட்டடத்தில் தபால்காரர் பெயரைப் பார்த்துத்தான் பெட்டியில் போடுவார். உன் பெயர் இல்லாவிட்டால் கடிதம் வந்த வழியே திரும்பிவிடும். வங்கி அட்டை, வேறொரு நாளில் தனி உறையில் வரும் அதன் ரகசிய எண், காப்பீட்டு அட்டை, 11 இலக்க வரி எண் எல்லாம் தபாலில்தான் வரும். சாவி கைக்கு வந்த அன்றே ஒரு துண்டுத் தாளில் எழுதியாவது பெட்டியிலும் அழைப்பு மணியிலும் ஒட்டிவிடு. அழகான பெயர்ப்பலகை அப்புறம் வரட்டும்.

எந்தப் பெயரை எழுதுவது என்பதில்தான் நம்மவர்கள் தடுமாறுவார்கள். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. உன் பாஸ்போர்ட்டில் அந்தக் கட்டத்தில் இருப்பது அப்பாவின் பெயர். ஆகவே அங்கே நீ எல்லோருக்கும் ‘ஃப்ராவ்’ (நம் திருமதி மாதிரி) போட்ட அப்பா பெயர்தான். டாக்டரின் காத்திருப்பு அறையில் அப்பா பெயரைக் கூப்பிட்டால் நீதான் எழுந்து போக வேண்டும். மணியிலும் பெட்டியிலும் அந்தப் பெயர் கட்டாயம் இருக்கட்டும். ஒப்பந்தம், வங்கி, காப்பீடு எதிலும் இனிஷியலாகச் சுருக்காதே. பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்துகளை அப்படியே போடு.

குடிபோன 2 வாரத்துக்குள் விலாசத்தைப் பதிய வேண்டும். ‘ஆன்மெல்டுங்’ என்பார்கள். பாஸ்போர்ட்டோடு, வீட்டுக்காரர் கையெழுத்திட்ட ‘நீ இங்கே குடிவந்தாய்’ என்ற தனிப் படிவமும் வேண்டும். வாடகை ஒப்பந்தம் அதற்கு ஈடாகாது. சாவி வாங்கும்போதே அந்தப் படிவத்தையும் கேட்டு வாங்கிவிடு. இல்லாவிட்டால் ஒரு நடை வீண். பதிவுப் படிவத்தில் மதம் பற்றி ஒரு கட்டம் இருக்கும். அது வரிக்கான கேள்வி, பக்திக்கானது இல்லை. கிறிஸ்தவ சபைகளின் உறுப்பினர்களிடம் ஸ்டுட்கார்ட் இருக்கும் மாநிலத்தில் வருமான வரியில் 8 சதவீதம் கூடுதலாகப் பிடிப்பார்கள். நமக்குப் பொருந்தாது. பதிந்த சில வாரத்தில் ஒலிபரப்புக் கட்டணத்துக்கு ஒரு கடிதம் வரும், வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ என்று. டிவி இல்லையே, ஏமாற்று வேலையாக இருக்கும் என்று தூக்கிப் போட்டுவிடாதே. டிவி இருக்கிறதா என்பதே கணக்கில்லை, வீட்டுக்கு ஒன்று. பகிர்ந்து குடியிருந்தால் ஒருவர் கட்டினால் போதும். அவருடைய ஒலிபரப்புக் கட்டணக் கணக்கு எண்ணைக் குறிப்பிட்டுப் பதில் எழுதிவிடு.

வீட்டை உன்னிடம் ஒப்படைக்கும் நாளில் நீயும் வீட்டுக்காரரும் கையெழுத்துப் போடும் ஒரு பட்டியல் உண்டு. மின்மானி, ஹீட்டர் மானி அளவுகள், சாவிகளின் எண்ணிக்கை, ஏற்கெனவே இருக்கும் கீறல், பூஞ்சைக் கறை எல்லாம் அதில் ஏற வேண்டும். குளியலறை மூலையை டார்ச் அடித்துப் பார், போட்டோ எடு. முன்பணம் சட்டப்படி 3 மாதத்து வெறும் வாடகைக்கு (ஹீட்டர், தண்ணீர் போன்ற செலவு சேராதது) மேல் கேட்கக் கூடாது. அதையும் 3 தவணையில் கட்டலாம். வீட்டைக் காட்டாமலே முன்பணம் கேட்டு, சாவியைத் தபாலில் அனுப்புகிறேன் என்று எவராவது சொன்னால் பேச்சை அங்கேயே நிறுத்திவிடு.

இனி கதவு. வெளிப்பக்கம் பிடிக்க ஒரு குமிழ் மட்டும் இருக்கும், திருப்பினால் திறக்காது. குப்பை போட வெளியே வருகிறாய், காற்றில் கதவு சாத்திக்கொள்கிறது, சாவி உள்ளே. இரவில் வரும் பூட்டுத் திறப்பவர்களில் சிலர் வாயில் வந்ததைக் கேட்பார்கள். போனிலேயே மொத்தத் தொகையை நிச்சயம் செய்துகொண்டுதான் வரச் சொல்ல வேண்டும். அதைவிட, மாற்றுச் சாவி ஒன்றை அதே ஊரில் நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்து வை. தெருக்கதவு சாவியைத் தொலைத்தால் இன்னும் மோசம். கட்டடம் முழுவதும் ஒரே பூட்டு அமைப்பு என்றால் அத்தனையையும் மாற்றும் செலவு உன் தலையில் விழலாம். பொறுப்புக் காப்பீடு (நம்மால் பிறருக்கு நஷ்டம் வந்தால் கட்டுவது) எடுக்கும்போது ‘சாவி தொலைந்தால்’ என்பது அதில் சேர்ந்திருக்கிறதா என்று பார்த்து எடு.

ஜன்னலைப் பற்றிக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும். கைப்பிடியைக் கிடைமட்டமாகத் திருப்பினால் ஜன்னல் முழுதாகத் திறக்கும். மேல்நோக்கித் திருப்பினால் மேற்பக்கம் மட்டும் உள்ளே சாயும். குளிருக்குப் பயந்து நம்மவர்கள் நாள் முழுக்க அந்தச் சாய்வு நிலையிலேயே விட்டுவிடுவார்கள். அதுதான் தவறு. காற்று சரியாக மாறாது, ஜன்னலைச் சுற்றியுள்ள சுவர் மட்டும் சில்லிட்டுப் போகும். அறையின் ஈரம் அந்தக் குளிர்ந்த இடத்தில் படிந்து ஒரே மாதத்தில் கறுப்புப் பூஞ்சை பிடிக்கும். அதற்கு நீதான் காரணம் என்று வீட்டுக்காரர் முன்பணத்தில் கைவைப்பார். செய்ய வேண்டியது இதுதான்: ஹீட்டரை அணை, எதிரெதிர் ஜன்னல்களை முழுதாகத் திற, குளிர்காலத்தில் 5 நிமிடம் போதும், மூடு, ஹீட்டரைப் போடு. நாளைக்கு மூன்று நான்கு தடவை. குளித்த உடனே, சமைத்த உடனே, துணி உலர்த்தினால் இன்னும் ஒரு தடவை. ஈரப்பதமானி ஒன்று வாங்கி வை. 40 சதவீதத்துக்கும் 60 சதவீதத்துக்கும் நடுவில் நின்றால் நல்லது. வெளிச்சுவரோடு ஒட்டி அலமாரியைப் போடாதே, ஒரு சாண் இடைவெளி விடு.

ஹீட்டர் குமிழில் 1 முதல் 5 வரை எண்கள் இருக்கும். அது வேகம் இல்லை, வெப்ப அளவு. 3 என்றால் சுமார் 20 டிகிரி, ஒவ்வொரு எண்ணுக்கும் ஏறக்குறைய 4 டிகிரி கூடும். 5-இல் வைத்தால் அறை சீக்கிரம் சூடாகாது, 28 டிகிரி வரை விடாமல் எரியும், அவ்வளவுதான். வருடத்துக்கு ஒருமுறை ஹீட்டர் செலவுக் கணக்கு வரும்போதுதான் வலிக்கும்.

சமையலறையிலும் பிரச்சினை காற்றும் ஆவியும்தான். புகை எச்சரிக்கைக் கருவி படுக்கையறையிலும் நடைபாதையிலும் இருக்கும். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு வரமிளகாய் தாளித்தால் அலறும். சாம்பிராணிக்கும் அலறும். சமையலறைக் கதவைச் சாத்து, ஜன்னலை முழுதாகத் திற. அடுப்புக்கு மேலே இருக்கும் விசிறி பல வீடுகளில் புகையை வெளியே தள்ளாது, வடிகட்டி மறுபடி அறைக்குள்ளேயே விடும். உள்ளே இருக்கும் கரி வடிகட்டியை ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றாவிட்டால் அது வெறும் சத்தம்தான்.

கண்ணாடி மேடை அடுப்பு அணைத்த பிறகும் சூட்டை வைத்திருக்கும். மூன்று விசிலில் அணைத்தால் நான்காவதும் வரும், சாதம் குழையும். அணைத்ததும் குக்கரைத் தள்ளி வை. அது இண்டக்‌ஷனாக இருந்தால் அலுமினிய குக்கர் வேலையே செய்யாது.

மிக்ஸிக்கு டிரான்ஸ்ஃபார்மர் வேண்டாம், அங்கேயும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்தான். பிளக்தான் வேறு. அங்கே எர்த் இணைப்பு சாக்கெட்டின் பக்கவாட்டுப் பட்டையில் இருக்கிறது. பயணக் கடையில் விற்கும் சின்ன இரண்டு பின் அடாப்டரில் பலவற்றுக்கு எர்த் கிடையாது. ஈரக்கையோடு தொடும் சாமானுக்கு அது ஆகாது. ‘ஷுகோ’ வகை, 16 ஆம்பியர், எர்த் உள்ளதா என்று பார்த்து வாங்கு.

மாவு குளிர்காலத்தில் இரவோடு புளிக்காது. பாத்திரத்தில் பாதி இடம் விட்டு, ஓவனுக்குள் வைத்து, வெப்பத்தைப் போடாமல் விளக்கை மட்டும் எரியவிடு. பழைய வகை பல்பு என்றால் அந்த இளஞ்சூடு போதும், 12 மணி நேரத்தில் பொங்கிவிடும். எல்இடி என்றால் சூடு வராது. ஓவன் குமிழின் மேல் ‘உள்ளே மாவு’ என்று ஒரு சீட்டு ஒட்டு, தெரியாமல் 200 டிகிரியில் போட்டுவிடுவார்கள்.

அரைப்பதைச் சனிக்கிழமை பகலில் முடித்துவிடு. இரவு 10 முதல் காலை 6 வரையும், ஞாயிறும் விடுமுறை நாளும் முழுக்கவும் அமைதி நேரம். மிக்ஸியின் ஒரு நிமிடச் சத்தத்தைப் பொறுத்துக்கொள்வார்கள். அரை மணி நேரம் தரை வழியாக அதிரும் கிரைண்டரைக் கீழ்வீட்டுக்காரர் பொறுக்கமாட்டார். அடியில் தடித்த ரப்பர் விரிப்புப் போடு. கண்ணாடிப் பாட்டிலைக்கூட ஞாயிற்றுக்கிழமை தொட்டியில் போடக் கூடாது. வெள்ளை, பழுப்பு, பச்சை என்று தனித்தனித் தொட்டி, நீலப் பாட்டில் பச்சையில் போகும். தண்ணீர் பாட்டிலை மட்டும் நசுக்காமல் வை. அதன் பார்கோடைப் படித்துத்தான், வாங்கும்போது சேர்த்துப் பிடித்த 25 சென்டைக் கடையிலுள்ள இயந்திரம் திருப்பித் தரும். ஞாயிறு கடைகளும் மூடியிருக்கும், பெரிய ரயில் நிலையத்துக் கடைகள் தவிர. ஈஸ்டரில் வெள்ளி, ஞாயிறு, திங்கள் மூன்றும் மூடல். வியாழனே பால் வாங்கி வைத்துவிடு.

படிக்கட்டு. செருப்பை வாசலுக்கு வெளியே விடும் நம் பழக்கத்தைப் பல கட்டட விதிகள் தடுக்கும், அது தீ விபத்தில் ஓடும் வழி. உள்ளே ஒரு அடுக்கு வாங்கிப் போடு. ஸ்டுட்கார்ட் பக்கம் ‘கேர்வோகெ’ என்று ஒரு வழக்கம் வேறு இருக்கிறது. ஒரு நாள் உன் கதவில் ஒரு அட்டை தொங்கும். அந்த வாரம் படிக்கட்டைப் பெருக்கித் துடைப்பது உன் முறை. பெரிய முறை என்றால் வெளிநடைபாதை, பனி எல்லாம் சேரும். சனிக்கிழமைக்குள் முடித்து, அட்டையை அடுத்த வீட்டுக் கதவில் மாட்டிவிட வேண்டும். படி ஏற்கெனவே சுத்தமாகத்தானே இருந்தது என்பது அங்கே ஒரு பதிலே இல்லை. ஊருக்குப் போகும் வாரமென்றால் முன்கூட்டியே யாரோடாவது முறை மாற்றிக்கொள்.

படிக்கட்டில் யாரைப் பார்த்தாலும் முதலில் நீ வணக்கம் சொல். டாக்டரின் காத்திருப்பு அறைக்குள் நுழையும்போதும் பொதுவாக எல்லோருக்கும் சொல்வார்கள். ‘ஸீ’, ‘டூ’ இரண்டும் நம் நீங்கள், நீ மாதிரிதான், அது உனக்குச் சுலபம். பெரியவர் ‘டூ’ சொல்லலாம் என்று சொன்ன பிறகே மாறு.

மணி சொல்வதில் கவனமாக இரு. ‘ஹல்ப் ஆக்ட்’ என்றால் வார்த்தைக்கு வார்த்தை ‘அரை எட்டு’. உன் காதுக்கு எட்டரை என்று கேட்கும். அது ஏழரை. நாம் தாண்டி வந்த மணியோடு கூட்டுகிறோம், அவர்கள் வரப்போகும் மணியை நோக்கி எண்ணுகிறார்கள். அந்த ஊரில் ‘கால் எட்டு’ என்றும் சொல்வார்கள், அது ஏழேகால். ‘முக்கால் எட்டு’ ஏழேமுக்கால். வீட்டுக்காரர் மணி சொன்னால் எண்ணாக எழுதித் திருப்பிக் காட்டிவிடு.

யாராவது வீட்டில் சாப்பிடுகிறாயா என்று கேட்டால் மரியாதைக்கு ‘வேண்டாம்’ என்று சொல்லாதே. இரண்டாவது தடவை கேட்கமாட்டார்கள், பசியோடுதான் திரும்புவாய். அதேபோல் தலையை ஆட்டிவிட்டு ‘பார்க்கலாம்’ என்று நழுவினால் வருகிறாய் என்றே எடுத்துக்கொண்டு காத்திருப்பார்கள். முடியாது என்றால் முடியாது என்று சொல், யாரும் கோபிக்கமாட்டார்கள். பிறந்தநாள் வாழ்த்தை ஒரு நாள் முன்னதாகச் சொல்லிவிடாதே, அபசகுனம் என்பார்கள். உன் பிறந்தநாளுக்கு அலுவலகத்துக்குக் கேக் கொண்டுபோக வேண்டியது நீதான்.

உடம்புக்கு முடியாமல் போனால்: உயிர் ஆபத்து என்றால் 112. டாக்டர் கிளினிக்கை மூடிய பிறகு இரவில் வரும் காய்ச்சலுக்கு 116117. காலையில் வேலை தொடங்கும் முன்பே அலுவலகத்துக்குச் சொல்லிவிட வேண்டும், மூன்று நாளுக்கு மேல் நீண்டால் டாக்டர் சான்று வேண்டும். சில கம்பெனிகள் முதல் நாளே கேட்கும், ஒப்பந்தத்தைப் பார்.

குக்கரைப் பெட்டியில் வைக்கும் முன் அது இண்டக்‌ஷனில் வேலை செய்யுமா என்று தெரிய, ஃப்ரிட்ஜில் இருக்கிற காந்தத்தை எடுத்து அதன் அடியில் ஒட்டிப் பார். ஒட்டவில்லை என்றால் அதை இங்கேயே விட்டுவிட்டுப் போ, நான் வைத்துக்கொள்கிறேன்.

அம்மா